சொல்லாத மாத்திரை

பொது மருத்துவத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. தோல் மருத்துவமோ கதிரியக்கமோ கிடைக்காமல் இங்கே வந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று கேட்க மாட்டேன். கேட்டால் பாதிப் பேர் தலைகுனிய வேண்டியிருக்கும், மீதிப் பேர் பொய் சொல்ல வேண்டியிருக்கும். வேலையில் சேர்ந்த உடனே இரண்டும் வேண்டாம். பின்னால் நிறைய வாய்ப்பு வரும்.

புதியவர்களுக்கு உற்சாகமூட்டும்படி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி உங்கள் துறைத் தலைவர் கேட்டார். உற்சாகம் என்னிடம் எப்போதுமே கொஞ்சம் தட்டுப்பாடுதான். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்குப் பதிலாக என்னிடம் ஒரு தலைவலி இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வார்டுக்கு வந்த தலைவலி. அதைத் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் பெயர் அஞ்சலாட்சி என்று வைத்துக்கொள்வோம். குருசுக்குப்பத்துக்காரி. நாற்பதை நெருங்கும் வயது. கணவன் தேசிங்குக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட்டு, மீன்பிடிப் படகு. அவன் பிடித்து வருவதை இவள் டவுன் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பாள். ஒரு நாள் மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து வந்து குளிக்கப் போனவள், தலையில் தண்ணீர் ஊற்றிய அந்த நொடியில் தலைக்குள் ஏதோ வெடித்ததுபோல் அலறிக்கொண்டு சுவரோடு சரிந்திருக்கிறாள். தேசிங்கு அவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

மறுநாள் காலை நான் ரவுண்ட்ஸ் வந்தபோது வலி அடங்கிப் படுத்திருந்தாள். எங்கள் முதுநிலை மாணவர், கெட்டிக்காரப் பையன், ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"ஸ்கேன் நார்மல் மேடம். ரத்தக் கசிவு இல்ல. முதுகுத்தண்டு நீரும் எடுத்துப் பாத்தாச்சு, அதுவும் நார்மல். பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட இருக்கு. டென்ஷன் தலைவலி. இன்னிக்கு டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்."

நம் தொழிலில் 'நார்மல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நோய் இல்லை என்பது ஒன்று. என்ன நோய் என்று நமக்குத் தெரியவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது பொருளில்தான் அது அதிகம் புழங்குகிறது. 'டென்ஷன்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: படுக்கை தேவைப்படுகிறது.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "வலி கொஞ்சம் கொஞ்சமா ஏறிச்சா, சட்டுனு வந்துச்சா?"

"கொஞ்சம் கொஞ்சமா வர்றதுக்கு அது இன்னா பிரசவ வலியா டாக்டரம்மா? சொம்பு தண்ணிய ஊத்தினேன். ஒரே அடி. உள்ளார வெடி வெச்ச மாதிரி. செத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்ல முடியாது. தொடங்கிய நொடியிலேயே உச்சத்தில் நிற்கும் தலைவலியை இடித்தலைவலி என்போம். அப்படி வந்தவரை ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதற்காக வீட்டுக்கு அனுப்புவது, வீட்டில் புகை வருகிறது என்று கூப்பிட்டவரிடம் தீயைக் காணோமே என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவதுபோல.

நரம்பியல் கருத்து கேட்டோம். பெரியவர் வந்தார். பெரியவர் என்று நான் சொல்வது அவர் வயதைக் கருதி அல்ல, அவருக்கு அவரைப் பற்றி இருந்த கருத்தை மதித்து. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பழைய குடும்பம். மகள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். எந்தப் பேச்சையும் 'சே ஃபினி' என்றுதான் முடிப்பார். முடிந்தது என்று அர்த்தம். பேச்சு முடிந்தது என்று நாங்கள் நல்லவிதமாக எடுத்துக்கொள்வோம். நோயாளிகள் அப்படி எடுத்துக்கொண்டார்களா என்று தெரியாது.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கத் தனியாக வெளிச்சம் எதுவும் தேவைப்படவில்லை, ஏனென்றால் பார்க்கவில்லை.

"மைக்ரேன். மைக்ரேன் ஊசி ஒண்ணு எழுதிட்டுப் போறேன். மறுபடி வந்தா போட்டு அனுப்புங்க. சே ஃபினி."

அவர் லிஃப்ட்டை அடைந்திருப்பாரோ என்னவோ, அஞ்சலாட்சிக்குத் தும்மல் வந்தது. சளி பிடித்திருந்தது அவளுக்கு. தும்மினாள். அடுத்த கணம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் புரண்டாள். வார்டே எழுந்து நின்றது.

எங்கள் கெட்டிக்காரப் பையன் அந்த மைக்ரேன் ஊசியை அதற்குள் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வேகத்தில் குறை சொல்ல முடியாது. பெரியவர் எழுதியிருக்கிறார், நோயாளி கத்துகிறாள், மருந்து கையில் இருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும் ஒருவர் யோசிப்பதை நிறுத்த?

நான் அவர் கையைப் பிடித்தேன். "போடாதீங்க."

"மேடம், நியூரோ சொல்லியிருக்காரு."

"தெரியும். போடாதீங்க."

தேசிங்கு என்மேல் பாய்ந்தான். "அவ துடிக்கிறா, நீங்க ஊசியப் புடிச்சினு நிக்கிறீங்க! இன்னாம்மா ஆஸ்பத்திரி இது?"

அந்த ஊசி விரிந்திருக்கும் இரத்தக் குழாயைச் சுருக்குகிற மருந்து. மைக்ரேனுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் சுத்தமான ஸ்கேனோடு இரண்டாவது முறையாக இடித்தலைவலி வருகிறது, அதுவும் ஒரு தும்மலில் வருகிறது என்றால், மூளைக்குப் போகும் குழாய்கள் ஏற்கெனவே இறுகிச் சுருங்கிக் கிடக்கின்றனவோ என்று சந்தேகப்பட வேண்டும். சுருங்கிக் கிடக்கும் குழாயை இன்னும் சுருக்கினால் மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாது. கையோ காலோ பேச்சோ போகும். இதெல்லாம் அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரிந்தது சந்தேகம் மட்டும். ஆனால் அந்தச் சந்தேகம் தீரும்வரை அந்த ஊசி உள்ளே போகக் கூடாது என்பது நிச்சயமாகத் தெரிந்தது.

சாதாரண வலி மருந்தை டிரிப்ஸில் ஏற்றச் சொன்னேன். அது என்ன மருந்து என்று தேசிங்கு கேட்டான். பையன் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"பாராசிட்டமாலா? அத எங்க தெரு முனையில குடுப்பானே! அதுக்கா ஆட்டோ புடிச்சி வந்தோம்?"

அவன் கேட்டதில் தப்பில்லை. துடிக்கிற நோயாளியின் பக்கத்தில் நின்று பெரிய மருந்தைக் கொடுக்காமல் இருப்பது பார்ப்பவர்களுக்கு மருத்துவமாகவே தெரியாது. உங்களுக்கு அது ஒரு நாளும் கைதட்டல் வாங்கித் தராது. பழகிக்கொள்ளுங்கள்.

வலி மெல்ல இறங்கியது. அடுத்தது, குழாய்கள் ஏன் சுருங்க வேண்டும் என்ற கேள்வி. கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். 'வேறு மருந்துகள்: இல்லை' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. நாம் எப்படிக் கேட்கிறோம் என்று எனக்குத் தெரியும். 'வேற மாத்திரை ஒண்ணும் சாப்பிடறதில்லையே?' என்று பதிலையும் சேர்த்துக் கொடுத்துத்தான் கேட்கிறோம். அதுவும் நோயாளியிடம் அல்ல, பக்கத்தில் நிற்பவரிடம்.

தேசிங்கைக் கேட்டேன். "அவ இன்னா மாத்திரை சாப்பிடறா? ஒண்ணும் இல்ல. காலையில ஒரு சத்து மாத்திரை போடுவா, அவ்ளோதான்," என்றான்.

அவனை இளநீர் வாங்கிவர அனுப்பினேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"சத்து மாத்திரை யாரு குடுத்தாங்க?"

"மூலக்குளத்துல ஒரு டாக்டரு."

"குருசுக்குப்பத்துல இருந்து மூலக்குளம் போயி சத்து மாத்திரை வாங்கறியா?"

மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குச் சத்தும்மா அது?"

"மனசுக்கு," என்றாள்.

அவளுடைய தம்பி தேசிங்கின் போட்டில்தான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காற்று திரும்பி, அலை தூக்கிப் போட்டு, தம்பி கடலில் விழுந்தான். தேசிங்கு திரும்பி வந்தான், தம்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவள் மீன் விற்றாள், சோறாக்கினாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். ஒரு முறை உயிரை விடப் பார்த்ததையும், யாருக்கும் தெரியாமல் அதிலிருந்து மீண்டதையும், விலை சொல்லுகிற குரலிலேயே என்னிடம் சொன்னாள். அதன் பிறகுதான் யாரோ சொல்லக் கேட்டு மூலக்குளம் போயிருக்கிறாள். வீட்டில், பெரியம்மா மகளைப் பார்க்கப் போவதாகப் பேச்சு. மாத்திரை அவளைப் பிழைக்க வைத்திருந்தது. போன மாதம் அளவைக் கூட்டியிருந்தார்கள்.

"வூட்டுக்காரருகிட்ட ஏன் சொல்லல?"

"நான் இன்னும் அழுதுனு இருக்கேன்னு தெரிஞ்சா, அவரு மேல பழி போடறேன்னு நெனச்சிப்பாரு டாக்டரம்மா. போட்டு ஓட்டினது அவருதானே."

"சளிக்கு எதாவது போட்டியா?"

"ஒரு வாரமா மெடிக்கல்ல வாங்கிப் போடறேன், காலையும் சாய்ந்திரமும். மூக்கு அடைச்சினு இருந்தா எப்படிக் கூவி விக்கிறது?"

அங்கேதான் இருந்தது விஷயம். மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற அந்த மாத்திரை உடலில் செரோட்டோனின் என்ற பொருளின் வேலையைக் கூட்டுகிறது. செரோட்டோனின் மனதோடு நிற்பதில்லை. இரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் தசைக்கும் அது பழக்கமானது. மிகச் சிலருக்கு, எப்போதாவது, அந்தத் தசையை இறுக்கிவிடும். மூக்கடைப்பு மாத்திரை மூக்கின் குழாய்களைச் சுருக்கித்தான் அடைப்பை நீக்குகிறது. மூக்கோடு நிறுத்திக்கொள் என்று அதற்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்தச் சிலருக்கு மூளையின் குழாய்கள் சுருங்கிக்கொள்ளலாம். ஆனால் மன மருந்து மனதுக்கு மட்டும்தான் போகும் என்று நம்புகிற டாக்டர்கள் நம்மிடையே நிறைய. விழுங்குகிற மாத்திரையில் முகவரி ஒட்டி அனுப்புவதாக அவர்களுக்கு நினைப்பு.

குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன் வேண்டும் என்று கேட்டேன். நியூரோ கேட்டால்தான் எடுப்போம் என்றார்கள் கதிரியக்கத்தில். பெரியவருக்கு ஃபோன் செய்தேன்.

"மேடம், டிப்ரெஷன் கேஸா? அப்ப சந்தேகமே இல்ல, எல்லாம் மனசுதான். எதுக்கு ஆஞ்சியோ?"

மாத்திரையைப் பற்றி அவரிடம் சொன்னது அந்தப் படத்தை வாங்கத்தான். அவருக்கு அது படம் எடுக்காமல் இருக்க ஒரு காரணமாகப் பட்டது. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஒருவருக்கு வேறு எந்த நோயும் வர உரிமை இல்லை என்று நம் தொழிலில் ஒரு எழுதப்படாத சட்டம் இருக்கிறது. அவருக்குக் கால் உடைந்தாலும் முதலில் மனதுக்குத்தான் கட்டுப் போடுவோம்.

"சார், நாளைக்கு இவங்களுக்கு ஒரு கை வரலேன்னா, நீங்க எழுதின 'மைக்ரேன்'ங்கிற வார்த்தைக்குக் கீழதான் நான் அத எழுதணும்," என்றேன்.

"எடுங்க," என்றார். சே ஃபினி சொல்லவில்லை.

படத்தில் குழாய்கள் மணி கோத்ததுபோல் இருந்தன. ஓரிடத்தில் சுருங்கி, ஓரிடத்தில் விரிந்து, மறுபடி சுருங்கி. நல்லவேளையாக மூளை எங்கேயும் செத்திருக்கவில்லை. மத்தியானம் பெரியவர் மாணவர்கள் புடைசூழ வந்து, தனக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் ஒரு சந்தேகம் இருந்ததாக அவர்களுக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன். குழாய் விரிய வேண்டும், அவ்வளவுதான். பெருமையை யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.

ஆனால் உங்களுக்கு இதை எழுதுவது அந்தப் படத்துக்காக அல்ல. படம் பார்க்க உங்களுக்கு மெஷின் இருக்கிறது. அதற்கு அப்புறம் நடந்ததற்குத்தான் மெஷின் இல்லை.

சளி மாத்திரையை நிறுத்துவதில் சிக்கல் ஒன்றுமில்லை. மன மாத்திரையையும் நிறுத்தியாக வேண்டும். அதை நிறுத்தினால், ஒரு முறை உயிரை விடப் பார்த்தவள் என்ன ஆவாள்? 'மருந்தை நிறுத்துவது குறித்து மனநலத் துறை முடிவு செய்யலாம்' என்று எழுதியது நரம்பியல். 'நரம்பியல் துறை அறிவுறுத்தியபடி செய்யலாம்' என்று எழுதியது மனநலம். அந்தப் பெண்ணின் உயிர் இரண்டு துறைகளுக்கும் நடுவில் மிகுந்த மரியாதையோடு போய்வந்துகொண்டிருந்தது.

அந்தப் போக்குவரத்தை நிறுத்தியது மனநலத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் டாக்டர். என் மகள் வயது. என் வேலைக்காலத்தில் நான் யாரிடமாவது ஏதாவது கற்றுக்கொண்டேன் என்றால் அந்தப் பட்டியலில் அவளும் உண்டு. தன் துறை எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு வார்டுக்கு நேரில் வந்தாள். வந்தவள் கேஸ் ஷீட்டை மூடிவைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அஞ்சலாட்சியோடு வெகுநேரம் பேசினாள். மீன் விலையில் ஆரம்பித்ததாகக் கேள்வி.

பிறகு என்னிடம் வந்தாள். "மருந்த இன்னிக்கே நிறுத்தணும் மேடம், அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா நிறுத்திட்டு அப்படியே அனுப்ப முடியாது. கொஞ்ச நாளைக்குத் தலை சுத்தும், அழுகை வரும். அதுக்கப்புறம் பழைய நெனப்பு வரலாம். வீட்டுல ஒரு ஆளு கூடவே இருக்கணும். என்ன பாக்கணும்னு தெரிஞ்ச ஆளு."

"அவ புருஷன்தான் இருக்கான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியணும்."

"அவ வேணாங்கிறா."

இங்கே எங்கள் கெட்டிக்காரப் பையன் ஒரு யோசனை சொன்னார். "காரிடார்ல கூப்பிட்டு நாமளே அவருகிட்ட சொல்லிடலாமே மேடம். அவருதானே கூட இருக்கிற அட்டெண்டர்." எத்தனை சுலபம். நோயாளி வருடக்கணக்கில் பொத்தி வைத்ததை, தேநீர் குடிக்கிற இடைவேளையில் நாம் போட்டு உடைத்துவிடலாம். பெரியவருக்கு இதைவிடச் சுலபமான யோசனை இருந்தது. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம், மாத்திரையை நிறுத்திவிட்டு அனுப்பிவிடலாம். வீட்டில் நடப்பது வீட்டின் பாடு. அவசரத்தில் வருகிற யோசனைகள் எல்லாம் இப்படித்தான் சுலபமாக இருக்கும். யாருக்குச் சுலபம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நோயாளிக்கு என்று ஒரு தடவைகூடப் பதில் வராது.

நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. அவளை வார்டிலேயே வைத்துக்கொண்டோம். மன மாத்திரையை நிறுத்தி, குழாயைத் தளர்த்தும் மருந்தைத் தொடங்கினோம். படுக்கை கேட்டு மேலிடத்திலிருந்து தினமும் ஆள் வந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காரணம் சொல்லி அனுப்பினேன். மருத்துவத்தில் என் கற்பனை வளம் முழுவதும் செலவானது அந்த வாரத்தில்தான்.

இளம் டாக்டர் சொன்னபடியே, அஞ்சலாட்சி அழ ஆரம்பித்தாள். தலை சுற்றுகிறது என்றாள். சாப்பாட்டைத் தொடவில்லை. தேசிங்கு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றான். கோபமாக வந்தவனுக்கு, வாயைத் திறந்ததும் கோபம் போய்விட்டது.

"டாக்டரம்மா, மூளையில கட்டியா? எங்கிட்ட மறைக்காதீங்க. பசங்களுக்கு நான் இன்னா சொல்லுவேன்?"

"கட்டி இல்ல. குழாய் சுருங்கியிருக்கு, அது விரியும்னு சொன்னேன் இல்லையா? அது உண்மைதான்."

"அப்ப ஏன் அழுவுறா?"

என்னிடம் பதில் இருந்தது. சொல்லும் உரிமை இல்லை. "கொஞ்சம் இருங்க," என்று அவனை உட்காரவைத்துவிட்டு வார்டுக்குப் போனேன்.

"அஞ்சலாட்சி, உம் புருஷன் நீ சாவப்போறேன்னு நெனச்சினு வெளிய உக்காந்துனு இருக்காரு. நான் ஒரு வார்த்தையும் சொல்லல. நீ சொல்லாம சொல்லவும் மாட்டேன். ஆனா அவரு நெனச்சிக்கிறதவிட நீ சொல்லப்போறது அவ்ளோ மோசமா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தச் சின்ன டாக்டரம்மாவ வரச் சொல்லுங்க. அவங்க பக்கத்துல இருந்தா சொல்லிடுவேன்," என்றாள்.

மனநலத் துறையின் சிறிய அறையில் நாலு நாற்காலி போட்டோம். அவள் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. மூலக்குளம், மாத்திரை, உயிரை விடப் பார்த்த அந்த நாள், தம்பி, எல்லாவற்றையும். தம்பியின் பெயரை அவள் சொன்னபோது தேசிங்கின் முகம் மாறியது. நான் கதவுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அல்லது எழுந்து வெளியே போவான் என்று. இரண்டுக்கும் என்ன செய்வது என்று யோசித்தும் வைத்திருந்தேன்.

அவன் கத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு இளம் டாக்டரைப் பார்த்துக் கேட்டான்:

"அந்த மாத்திரைய ஆம்பளைங்களும் சாப்பிடலாமா?"

இளம் டாக்டர் தன் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"கண்ண மூடினா அவன் கைதான் தெரியுது," என்றான் தேசிங்கு. "என் கையப் புடிச்சான். புடிச்சேன் நானும். வழுக்கிடுச்சு. அதுலேர்ந்து தூங்கறதே இல்ல. இவ தூங்கறான்னு நெனச்சி, சத்தம் போடாம படுத்துனு இருப்பேன்."

"நானும் அதத்தான் பண்ணினு இருந்தேன்," என்றாள் அஞ்சலாட்சி.

ஒரே பாயில், ஒருவர் தூங்குவதாக மற்றவர் நம்பிக்கொண்டு, இரண்டு பேரும் விழித்துக் கிடந்திருக்கிறார்கள். அவள் எழுந்து தன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த அறையில் பொது மருத்துவத்துக்கு வேலை இல்லை. நமக்கு வேலை இல்லாத இடத்தை விட்டுக் கிளம்பத் தெரிவதும் ஒரு திறமை. பெரியவர்களுக்கு அது கடைசிவரை வருவதில்லை.

அவளை வீட்டுக்கு அனுப்பினோம். தேசிங்கு போட்டைப் பங்காளியிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். என்ன பார்க்க வேண்டும், எதைப் பார்த்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று இளம் டாக்டர் அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். சில நாட்கள் மோசமாகத்தான் இருந்தன. ஒரு மத்தியானம் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நேராக மனநலத் துறைக்கே வந்துவிட்டான், சரியாகத்தான் வந்தான். மறுபடி சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இடித்தலைவலி திரும்ப வரவே இல்லை. சில மாதம் கழித்துக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்தபோது மணியும் இல்லை, கோவையும் இல்லை. சாதாரணக் குழாய்கள். அந்த ஒரு தடவை 'நார்மல்' என்ற சொல்லை முதல் பொருளில் நானே எழுதினேன். அதற்குப் பிறகு, குழாய்களை இறுக்காத வேறு வகை மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கலாமா என்று நரம்பியலும் மனநலமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தன. அந்த அதிசயத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை வார்டில் இருக்கிறவர்களின் மன மாத்திரைகளையெல்லாம் நிறுத்தக் கிளம்பாதீர்கள். எங்கள் கெட்டிக்காரப் பையன் அதைத்தான் செய்தார். அடுத்த வாரமே, கண்ணாடியின் பவர் மாறியதால் தலைவலி வந்த ஒரு வங்கி ஊழியரின் மாத்திரையை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து என் முன்னால் நின்றார். நான் பாராட்டவில்லை. அந்த மாத்திரைகளால் பிழைத்து வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், யாரென்று உங்களுக்குத் தெரியாது. அஞ்சலாட்சியைப் போல ஆவது மிக மிக அபூர்வம். அபூர்வத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லோர் முகத்திலும் அதையே பார்க்கத் தொடங்கினால் உங்களுக்கு வேறு துறையில் சிகிச்சை தேவைப்படும்.

நான் உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். இடிபோல வந்த வலியை இடி என்றே நம்புங்கள். யார் எழுதிய ஊசியானாலும் ஏற்றும் முன் ஒரு மூச்சு யோசியுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று நோயாளியைத் தனியாக, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள். ஸ்டூல் வார்டில்தான் இருக்கும். பெரும்பாலும் அதன்மேல் யாரோ கேஸ் ஷீட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எடுத்துக் கீழே வையுங்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் மனநல வெளிநோயாளிப் பிரிவு வழியாக நடந்து போய்க்கொண்டிருந்தேன். வரிசையில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல், "யாரும்மா பேஷண்ட்டு?" என்று கேட்டார்.

மார்க்கெட்டில் நாலு கடை தாண்டிக் கேட்கிற குரலில், வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்க, அஞ்சலாட்சி சொன்னாள்:

"இன்னிக்கு இவரு. நான் கூட வந்தவ."

தேசிங்கு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தன் பெயரையும் வயதையும் சொன்னான்.